விண்ணைத் தொட்டுத் திரும்பியவர் போட்டோவுக்காகப் பறந்து மாண்டார்: விமானி ஜோ வாக்கர் வரலாறு

பகலிலேயே வானம் கறுத்துத் தெரியும் உயரம் அது. தரையில் இருந்து 67 மைல். விமானத்தின் இறக்கையைத் தாங்க அங்கே காற்று கிடையாது. அந்த உயரத்துக்கு இறக்கை வைத்த விமானத்தில் தன்னந்தனியாக ஏறிப்போய், பாலைவனத்தில் பத்திரமாகத் தரை இறங்கியவர் அமெரிக்க விமானி ஜோ வாக்கர்.

1963-ம் ஆண்டு அவர் எட்டிய உயரத்தை 2004-ம் ஆண்டு வரை வேறு எந்த விமானமும் தாண்டவில்லை. ராக்கெட்டின் முதுகில் ஏறிப்போகும் விண்வெளி ஓடங்கள் இந்தக் கணக்கில் சேராது.

அத்தனை உயரம் போய் வந்தவருக்குச் சாவு 25 ஆயிரம் அடி உயரத்தில் காத்திருந்தது. இன்று பயணிகள் விமானங்கள் பறப்பதைவிடக் குறைந்த உயரம் அது. அன்று அவர் சோதனை எதுவும் நடத்தவில்லை. ஒரு கம்பெனியின் விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்க வேண்டும் என்பதற்காக, வேறு விமானங்களுடன் வரிசை சேர்ந்து பறந்தார். அப்போது ஒரு ராட்சத விமானத்துடன் அவருடைய விமானம் மோதியது.

1966-ம் ஆண்டு ஜூன் மாதம் 8-ந் தேதி காலையில் நடந்த அந்த மோதலில் இரண்டு உயிர்கள் போயின. உலகத்தில் இரண்டே இரண்டு இருந்த விமானத்தில் ஒன்று அழிந்தது.

பண்ணையில் வளர்ந்த பையன்

வாக்கரின் முழுப்பெயர் ஜோசப் ஆல்பர்ட் வாக்கர். 1921-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி பிறந்தார். ஊரின் பெயர் வாஷிங்டன். அமெரிக்கத் தலைநகரம் என்று எண்ண வேண்டாம். பென்சில்வேனியா மாநிலத்தில் அதே பெயரில் உள்ள சிறிய ஊர் அது. கிராமப்புறப் பண்ணையில் வளர்ந்த பையன் அவர்.

உள்ளூர்க் கல்லூரியிலேயே பௌதிகம் படித்து 1942-ல் பட்டம் பெற்றார். உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். பட்டம் வாங்கிய கையோடு ராணுவ விமானப் படையில் சேர்ந்தார்.

வட ஆப்பிரிக்காவில் அவருக்கு வேலை. பி-38 என்ற இரட்டை என்ஜின் போர் விமானத்தை ஓட்டினார். குண்டு வீசப் போகிற விமானங்களுக்கு முன்னால் போய், வழியில் மேகம் எப்படி, காற்று எப்படி என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும். ஆபத்து நிறைந்த வேலை. வீரப் பதக்கங்கள் அவரைத் தேடி வந்தன.

பௌதிகம் படித்தவர், விமானமும் ஓட்டத் தெரிந்தவர். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் அவருடைய பிற்கால வாழ்க்கை.

பனி மேகத்துக்குள்

1945-ல் ஓஹியோ மாநிலம் கிளீவ்லாந்து நகரில் அரசாங்கத்தின் விமான என்ஜின் ஆராய்ச்சிக் கூடத்தில் பௌதிக ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். நாக்கா என்ற அந்த ஆராய்ச்சி அமைப்புதான் 1958-ல் நாஸாவாக மாறியது.

அந்தக் காலத்தில் விமானங்களுக்குப் பெரிய எதிரி பனி. குளிர் மேகத்துக்குள் புகுந்தால் இறக்கையில் பனிக்கட்டி படியும். எடை கூடும். இறக்கையின் வடிவம் கெடும். விமானம் விழும். இதைத் தடுப்பது எப்படி என்று ஆராய வேண்டும் என்றால், யாராவது ஒருவர் வேண்டுமென்றே பனி மேகத்துக்குள் விமானத்தை ஓட்டிப் போக வேண்டும். வாக்கர் போனார். மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டவர் சோதனை விமானியாக மாறியது இப்படித்தான்.

பாலைவனத்து வேலை

1951-ல் கலிபோர்னியாவில் உள்ள எட்வர்ட்ஸ் விமானத் தளத்துக்கு மாற்றம் கிடைத்தது. மொஜாவி பாலைவனத்தின் நடுவே வற்றிப்போன பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. தரை சிமெண்டு போட்டதுபோல் இறுகிக் கிடக்கும். மைல் கணக்கில் சமதளம். புது விமானங்களைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. என்ஜின் நின்றுபோனாலும் எந்தப் பக்கமும் இறங்கலாம்.

சோதனை விமானி என்றால் சர்க்கஸ்காரர் மாதிரி சாகசம் செய்பவர் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பொறுமையான வேலை. இந்த உயரத்தில், இந்த வேகத்தில், இத்தனை டிகிரி சாய்க்க வேண்டும் என்று என்ஜினீயர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அதை மாற்றாமல் செய்ய வேண்டும். கருவிகள் எழுதிய கணக்கைத் தரைக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். விமானம் திரும்பாவிட்டால் கணக்கும் திரும்பாது.

1954-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி எக்ஸ்-3 என்ற விமானத்தை வாக்கர் ஓட்டினார். நீண்ட மூக்கும் குட்டை இறக்கையும் உள்ள விமானம் அது. 30 ஆயிரம் அடி உயரத்தில் இடது பக்கம் உருட்டினார். விமானம் உருண்டதோடு நிற்கவில்லை. மூக்கை மேலே தூக்கியது, பக்கவாட்டிலும் திரும்பியது. கட்டுப்பாடு கை நழுவிப் போனது. சில விநாடிகளில் அதை அடக்கினார்.

பிறகு ஒலியின் வேகத்தைத் தாண்டிப்போய் அதே சோதனையை மீண்டும் ஒருமுறை செய்தார். விமானம் முன்னிலும் மோசமாகக் குலுங்கியது. அதையும் சமாளித்துத் தரை இறங்கினார்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, 12-ந் தேதி, எப்-100 என்ற புது ஜெட் போர் விமானம் வானத்திலேயே உடைந்து, ஜார்ஜ் வெல்ச் என்ற பேர்பெற்ற விமானி இறந்திருந்தார். குட்டை இறக்கையும் நீண்ட உடலும் கொண்ட விமானத்தை வேகமாக உருட்டினால் என்ன ஆகும் என்பது, வாக்கர் உயிரோடு கொண்டு வந்த கணக்கில் இருந்தது. புது விமானங்களின் வால் பகுதியைப் பெரிதாக்க இது போன்ற கணக்குகளே வழி காட்டின.

தோல் வாஷர் செய்த வேலை

அடுத்த ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி இன்னொரு கண்டம். எக்ஸ்-1ஏ என்ற ராக்கெட் விமானத்தை பி-29 என்ற பெரிய விமானத்தின் வயிற்றில் மாட்டி மேலே கொண்டு போனார்கள். ராக்கெட் விமானத்துக்குள் வாக்கர் உட்கார்ந்து இருந்தார். கழற்றி விடுவதற்குச் சுமார் ஒரு நிமிடம் இருக்கும்போது உள்ளே வெடித்தது.

வாக்கர் வெளியேறித் தாய் விமானத்துக்குள் ஏறிக்கொண்டார். சேதம் அடைந்த ராக்கெட் விமானத்தைச் சுமந்துகொண்டு தரை இறங்க முடியாது. அதைக் கழற்றிப் பாலைவனத்தில் விழவிட்டார்கள்.

இதற்கு முன்பும் இப்படிச் சில ராக்கெட் விமானங்கள் வெடித்திருந்தன. காரணம் தெரியாமல் விழித்த நிபுணர்கள் இந்த முறை கண்டுபிடித்தார்கள். திரவ ஆக்சிஜன் ஓடும் பாதையில் போட்டிருந்த தோல் வாஷர்தான் குற்றவாளி. அந்தத் தோலில் ஊற வைத்திருந்த ரசாயனம் திரவ ஆக்சிஜனுடன் சேர்ந்தால், சிறு அதிர்ச்சி பட்டாலும் வெடித்துவிடும். காசு பெறாத ஒரு வாஷரால் கோடிக்கணக்கான ரூபாய் விமானங்களும் சில உயிர்களும் போயிருந்தன.

ஆபத்து பெரிய இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கக்கூடாது என்பதை எட்வர்ட்ஸ் தளத்துக்கு அந்த வாஷர் கற்றுக்கொடுத்தது.

எக்ஸ்-15

வாக்கரை உலகம் அறியச் செய்தது எக்ஸ்-15. கறுப்பு நிறம். 50 அடி நீளம். 22 அடி அகலமே உள்ள கட்டை இறக்கை. உள்ளே ராக்கெட் என்ஜின். பி-52 விமானத்தின் இறக்கைக்கு அடியில் மாட்டி, 45 ஆயிரம் அடி உயரத்தில் கழற்றி விடுவார்கள். விமானி ராக்கெட்டைப் பற்ற வைப்பார். ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருள் தீர்ந்துவிடும். பிறகு, எறிந்த கல்லைப் போல அந்த வேகத்திலேயே மேலே போய், வளைந்து, கீழே வர வேண்டும். இறங்கும்போது என்ஜின் துணை கிடையாது. சக்கரம்கூட முன்பக்கம்தான். பின்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள்.

மேலே காற்று இல்லாத இடத்தில் இறக்கையும் வாலும் உதவாது. மூக்கிலும் இறக்கையிலும் உள்ள சிறு துவாரங்களில் இருந்து வாயுவைப் பீய்ச்சித்தான் விமானத்தைத் திருப்ப வேண்டும். திரும்பக் காற்று மண்டலத்தில் புகும்போது மூக்கு சரியான கோணத்தில் இருக்க வேண்டும். பிசகினால் விமானம் சிதறும்.

நாஸாவின் சார்பில் எக்ஸ்-15 விமானத்தை முதலில் ஓட்டியவர் வாக்கர். அது 1960-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி. மொத்தம் 25 தடவை அதில் பறந்தார். 1962 ஏப்ரல் 30-ந் தேதி 2 லட்சத்து 46 ஆயிரத்து 750 அடி உயரம் போனார். அதே ஆண்டு ஜூன் 27-ந் தேதி மணிக்கு 4,104 மைல் வேகத்தில் பறந்தார். மும்பையில் ரயில் ஏறினால் சென்னை போய்ச் சேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அந்த வேகத்தில் போனால் பத்து நிமிடம் போதும்.

1961-ம் ஆண்டுக்கான கோலியர் விருதை எக்ஸ்-15 விமானிகள் நான்கு பேர் பகிர்ந்துகொண்டார்கள். ஜனாதிபதி கென்னடி கையால் அதை வாங்கியவர்களில் வாக்கரும் ஒருவர்.

அந்தப் பதினோரு நிமிடம்

1963 ஜூலை 19-ந் தேதி வாக்கர் 3 லட்சத்து 47 ஆயிரத்து 800 அடி உயரம் தொட்டார். அதாவது 106 கிலோ மீட்டர். ஆகஸ்டு 22-ந் தேதி மீண்டும் போனார். இந்த முறை 3 லட்சத்து 54 ஆயிரத்து 200 அடி. ஏறக்குறைய 108 கிலோ மீட்டர். எவரெஸ்டு சிகரத்தைப் போல் 12 மடங்கு உயரம்.

நெவாடா மாநிலத்தில் கழற்றி விடப்பட்டவர், சுமார் 300 மைல் தள்ளி எட்வர்ட்ஸ் ஏரிப் படுகையில் வந்து இறங்கினார். கழற்றி விட்டதில் இருந்து தரை தொட்டது வரை 11 நிமிடம்தான். மேலே சில நிமிடங்கள் உடம்புக்கு எடையே இல்லை. கீழே வரும்போது எடை ஐந்து மடங்கு கூடி, இருக்கையோடு சேர்த்து அழுத்தியது.

இந்தப் பதினோரு நிமிடத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பைப் பார்க்க வேண்டும். தரையில் ஒரு கூண்டுக்குள் விமானம் மாதிரியே கருவிகளை அமைத்து, அதில் உட்கார்ந்து பல மணி நேரம் ஒத்திகை பார்ப்பார்கள். என்ஜின் நின்றால் என்ன செய்வது, ரேடியோ பேசாவிட்டால் என்ன செய்வது, கருவி தவறாகக் காட்டினால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் விடை தயாராக இருக்கும். வழி நெடுக அவசரத்தில் இறங்க ஏரிப் படுகைகள் குறித்து வைத்திருப்பார்கள். கூடவே துணை விமானங்கள் பறக்கும்.

தரை இறங்கும் பழக்கத்துக்கு எப்-104 என்ற ஜெட் போர் விமானத்தைப் பயன்படுத்தினார்கள். அதுவும் கட்டை இறக்கை விமானம். என்ஜினை அடக்கிவிட்டு இறக்கினால் எக்ஸ்-15 போலவே கல்லாக இறங்கும். அந்த எப்-104 வாக்கருக்குக் கைவாகன விமானம். பின்னால் அவர் உயிரைக் கொண்டு போனதும் அதே ரக விமானம்தான்.

100 கிலோ மீட்டர் உயரத்தைத் தாண்டினால் விண்வெளி என்பது சர்வதேச விமானக் கழகத்தின் கணக்கு. எக்ஸ்-15 விமானிகளில் அந்தக் கோட்டைத் தாண்டியவர் வாக்கர் ஒருவரே. இரண்டு தடவை தாண்டினார். உலகத்திலேயே விண்வெளிக்கு இரண்டு முறை போன முதல் மனிதர் என்ற பெருமையும் இதனால் அவருக்கு உண்டு.

ஆனால் விண்வெளி வீரர் என்ற சின்னம் அவர் சட்டையில் ஏறவில்லை. 50 மைலுக்கு மேல் போன தன் விமானிகளுக்கு அமெரிக்க விமானப் படை அந்தச் சின்னத்தைக் கொடுத்தது. வாக்கர் அப்போது படை ஊழியர் இல்லை, சிவில் ஊழியர். எனவே கிடைக்கவில்லை. ஒரே விமானம், ஒரே வானம், ஒரே ஆபத்து. சம்பளப் பட்டியல் மட்டும் வேறு.

சந்திரனுக்கு ஒத்திகை

எக்ஸ்-15 வேலை முடிந்ததும் விசித்திரமான ஒரு வாகனத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். நான்கு கால். நடுவில் செங்குத்தாக ஒரு ஜெட் என்ஜின். சுற்றிலும் குழாய்கள். பார்த்தவர்கள் பறக்கும் கட்டில் என்று கேலி செய்தார்கள். சந்திரனில் எடை பூமியைப் போல் ஆறில் ஒரு பங்குதான். வாகனத்தின் எடையில் ஆறில் ஐந்து பங்கை ஜெட் என்ஜின் தாங்கிக்கொள்ளும். மீதி ஒரு பங்கை வைத்து, சந்திரனில் இறங்குவது எப்படி என்று பழக வேண்டும்.

1964 அக்டோபர் 30-ந் தேதி அதை முதன்முதலில் தரையில் இருந்து கிளப்பியவர் வாக்கர். எட்வர்ட்ஸ் தளத்தில் அவருடன் வேலை பார்த்த விமானிகளில் ஒருவர் நீல் ஆர்ம்ஸ்ட்ராங். அந்த வாகனத்தில் பழகிய பிறகே 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங் சந்திரனில் இறங்கினார். அதைப் பார்க்க வாக்கர் உயிரோடு இல்லை.

வெள்ளை ராட்சதன்

இனி அந்த ஜூன் மாதக் காலைக்கு வருவோம்.

எக்ஸ்.பி.-70 வால்கைரி என்ற விமானத்தை நார்த் அமெரிக்கன் கம்பெனி கட்டியிருந்தது. ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் போய் அணுகுண்டு வீச வேண்டும் என்று திட்டமிட்ட விமானம். ஆறு ஜெட் என்ஜின்கள். ஏறக்குறைய 190 அடி நீளம், 105 அடி அகலம். முழுக்க வெள்ளை நிறம். பின்புறம் இரண்டு உயரமான வால் துடுப்புகள்.

ஏவுகணைகள் வந்துவிட்டதால் குண்டு வீச்சுத் திட்டம் கைவிடப்பட்டது. ஆராய்ச்சிக்காக இரண்டு விமானங்கள் மட்டும் கட்டப்பட்டன. இந்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 150 கோடி டாலர். இரண்டாவது விமானம் முதலாவதைவிடச் சிறந்தது. 1966 மே 19-ந் தேதி அரை மணி நேரத்துக்கு மேல் மும்மடங்கு ஒலி வேகத்தில் பறந்து காட்டியது. அடுத்து நாஸா அதை வைத்து ஆராய்ச்சி நடத்த இருந்தது. அந்த ஆராய்ச்சியில் அதை ஓட்ட இருந்தவர் வாக்கர்.

ஒரு போட்டோவுக்காக

அதன் ஆறு என்ஜின்களையும் செய்தது ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி. தன்னுடைய என்ஜின் பொருத்திய பலவகை விமானங்களை ஒன்றாகப் பறக்கவிட்டுப் படம் எடுத்தால் நல்ல விளம்பரம் ஆகும் என்று கம்பெனி விரும்பியது. எட்வர்ட்ஸ் தளத்து அதிகாரிகள் சம்மதித்தார்கள். விமானப் படை மேலிடத்துக்கு முறைப்படி எழுதி அனுமதி வாங்கவில்லை. எப்படியும் அன்று எக்ஸ்.பி.-70 சோதனைக்காகப் பறக்கப் போகிறது. அந்த வேலை முடிந்ததும் போகிற போக்கில் படத்தையும் எடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு.

ஜூன் 8-ந் தேதி காலை 7 மணி தாண்டி எக்ஸ்.பி.-70 கிளம்பியது. ஓட்டியவர் கம்பெனியின் தலைமைச் சோதனை விமானி ஆல் ஒயிட். பக்கத்தில் விமானப் படை மேஜர் கார்ல் கிராஸ். அந்த விமானத்தில் கிராஸுக்கு அதுதான் முதல் பயணம். சோதனைகள் ஒழுங்காக முடிந்தன.

பிறகு மற்ற விமானங்கள் வந்து சேர்ந்தன. எப்-4, எப்-5, டி-38 என்று மூன்று ஜெட் விமானங்கள். நான்காவது வாக்கரின் எப்-104. வெள்ளை ராட்சதன் நடுவில். அதன் வலது இறக்கை நுனிக்குப் பக்கத்தில் வாக்கர். போட்டோக்காரர்கள் ஏறிய சிறிய ஜெட் விமானம் தள்ளி நின்று பறந்தது. மேகம் குறுக்கிட்டதால் இடம் மாற்றினார்கள். படம் எடுக்கும் வேலை நீண்டுகொண்டே போனது. முக்கால் மணி நேரம் அருகருகே ஒரே சீராகப் பறப்பது விமானிக்குப் பெரிய சோர்வு.

மோதல்

மணி ஏறக்குறைய ஒன்பதரை. படம் எடுத்து முடிகிற நேரம். வாக்கரின் விமானம் மெல்ல மெல்ல ராட்சத விமானத்தை நெருங்கியது. அதன் உயரமான வால், பெரிய விமானத்தின் வலது இறக்கை நுனியில் பட்டது.

பெரிய விமானத்தின் இறக்கை நுனியில் காற்று சும்மா இருக்காது. இறக்கைக்கு அடியில் உள்ள காற்று நுனியைச் சுற்றி மேலே ஏறி, ஆற்றுச் சுழி போலச் சுழன்றுகொண்டே இருக்கும். அந்தச் சுழலில் சிக்கிய எப்-104 தலைகீழாகப் புரண்டு, பெரிய விமானத்தின் முதுகின் மேலே பாய்ந்தது. இரண்டு வால் துடுப்புகளையும் அடித்து உடைத்தது. இடது இறக்கையையும் தாக்கிவிட்டுத் தீப்பந்தாக வெடித்தது. வாக்கர் அந்த இடத்திலேயே இறந்தார். வயது 45.

இதன் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. வால் துடுப்புகள் போனது எக்ஸ்.பி.-70 விமானத்தில் இருந்த இருவருக்கும் தெரியவில்லை. மற்ற விமானிகள் ரேடியோவில் அலறினார்கள். யாருக்கோ ஆபத்து என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். 16 விநாடிகள் விமானம் நேராகவே பறந்தது. பிறகு ஒரு பக்கம் சாய்ந்தது, புரண்டது, சுழன்றுகொண்டே கீழே விழத் தொடங்கியது.

ஒவ்வொரு விமானிக்கும் மூடும் கதவுகள் உள்ள தப்பும் கூண்டு உண்டு. ஒயிட் கூண்டை மூடும்போது கை கதவில் சிக்கி நசுங்கியது. வலியோடு கையை விடுவித்து வெளியே பாய்ந்தார். தரையில் மோதும் வேகத்தைக் குறைக்க வேண்டிய காற்றுப் பை விரியவில்லை. பலத்த காயத்துடன் பிழைத்தார். சுழலும் விமானத்தின் வேகம் அழுத்தியதால் கிராஸ் தன் இருக்கையைக் கூண்டுக்குள் இழுக்க முடியவில்லை. விமானத்தோடு போனார்.

பார்ஸ்டோ என்ற ஊருக்கு வடக்கே பாலைவனத்தில் ராட்சத விமானம் விழுந்து நொறுங்கியது. விளம்பரப் படம் எடுக்க வந்த காமிராக்களில் தீயும் புகையும் பதிவாயின.

யார் குற்றம்?

இத்தனை தேர்ந்த விமானி ஏன் மோதினார் என்று விசாரித்தார்கள். வாக்கர் இருந்த இடத்தில் இருந்து பார்த்தால், பெரிய விமானத்தின் இறக்கை நுனி அவருடைய தோளுக்குப் பின்னால் இருந்தது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். முன்னால் தள்ளித் தெரிந்த விமானத்தின் உடலை அடையாளமாக வைத்தே அவர் பறந்திருக்க வேண்டும். அந்தத் தூரத்தை வைத்துப் பார்த்தால், சில அடிகள் நெருங்குவது கண்ணுக்குத் தட்டுப்படாது. இதுதான் விசாரணைக் குழு கண்ட முடிவு.

அனுமதி கொடுத்த விதமும் விசாரணைக்கு வந்தது. விளம்பரத்துக்காக இப்படி ஒரு வரிசை பறந்திருக்கவே கூடாது என்று மேலிடம் கண்டது. அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வாய்ச் சொல்லில் நடக்கும் காரியம் நன்றாக முடிந்தால் ஒருவரும் கேட்பது இல்லை. கெட்ட பிறகுதான் பைலைத் தேடுவார்கள்.

எக்ஸ்-15 பறந்தால் ஒவ்வொரு விநாடிக்கும் கணக்கு இருந்தது. போட்டோ வேலைக்கு அந்தக் கணக்கை யாரும் போடவில்லை. எந்த விமானம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், யார் யாரைக் கவனிக்க வேண்டும், எத்தனை நிமிடத்தில் கலைய வேண்டும் என்று உட்கார்ந்து யோசிக்க, அது பெரிய வேலையாக ஒருவருக்கும் தோன்றவில்லை.

தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்கள் இதை அறிவார்கள். பெரிய எந்திரத்தைக் கழற்றி மாட்டும் அன்று போர்மேன் முதல் ஹெல்ப்பர் வரை எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். அந்த வேலை முடிந்து, ஷிப்டு விடும் நேரத்தில், இதையும் முடித்துவிட்டுப் போகலாமே என்று மேலே இருப்பவர் சொல்லும் சில்லறை வேலையில்தான் விரல் போகும்.

39 ஆண்டு கழித்து வந்த சின்னம்

வாக்கரின் உடல் பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டது. எட்வர்ட்ஸ் தளத்துக்கு அருகே குவார்ட்ஸ் ஹில் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

மிஞ்சிய ஒரே எக்ஸ்.பி.-70 விமானம் 1969 பிப்ரவரி 4-ந் தேதி கடைசியாகப் பறந்தது. ஓஹியோ மாநிலம் டேட்டன் நகரில் விமானப் படைக் காட்சிசாலையில் அதை இன்றும் பார்க்கலாம்.

2004 அக்டோபரில் தனியார் கட்டிய ஸ்பேஸ்ஷிப்ஒன் என்ற ராக்கெட் விமானம் வாக்கரின் உயரத்தைத் தாண்டியது. அதற்கு அடுத்த ஆண்டு, 2005 ஆகஸ்டு 23-ந் தேதி, நாஸா ஒரு பழைய கணக்கைத் தீர்த்தது. படையில் இல்லாத காரணத்தால் விண்வெளி வீரர் சின்னம் கிடைக்காமல் போன எக்ஸ்-15 விமானிகள் மூன்று பேருக்கு அதை வழங்கியது. அவர்களில் இருவர் அப்போது உயிரோடு இல்லை. வாக்கர் அந்த இருவரில் ஒருவர். அவர் இறந்து 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

67 மைல் உயரத்தில் இருந்து அவரைப் பத்திரமாகக் கீழே கொண்டு வந்தது, நூறு பேர் சேர்ந்து போட்ட கணக்கு. சின்ன வேலைதானே என்று அந்தக் கணக்கைப் போடாமல் விட்டது ஒரே ஒரு காலைதான்.